எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது வீண்வேலையா?

லயத்துப்பையன்:
நம்ம சுங்கை சிப்புட் ஞாயிறு நிரலாக்க வகுப்பில் வாரக்கணக்காக ஒரே பயிற்சி. எண்ணைக் கொடுத்தால் நிரல் அதைப் பழைய தமிழ் எண்ணுருவில் மாற்றித் தர வேண்டும். 25 என்றால் ௨௰௫. முடித்ததும் அக்கா அழிக்கச் சொல்கிறார், அடுத்த வாரம் முதலிலிருந்து. இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஒரு மளிகைக் கடைக்கு ஸ்டாக் பார்க்கும் செயலி செய்திருந்தால் கோலாலம்பூர் நேர்முகத்தில் காட்டலாம். எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு செம்பனை ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவனுக்குக் கிடைப்பதே அந்த ஞாயிறு காலைதான்.

வகுப்பு_அக்கா:
உன் நேரம் எனக்குத் தெரியாதா தம்பி? முதல் வாரம் எல்லோரும் 10-க்கு ஒரு இஃப் ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற கட்டளை), 20-க்கு ஒரு இஃப் என்று அடுக்கினீர்கள். 110 கொடுத்தேன், ௧௱௧௰ என்று வந்தது. வர வேண்டியது ௱௰. பத்து, நூறு, ஆயிரம் குறிகளுக்கு முன்னால் ஒன்று போடுவதில்லை. உடனே அதற்கும் ஒரு இஃப் ஒட்டினீர்கள். அழித்துவிட்டு எழுதியபோதுதான் 1000, 100, 10 என்று பட்டியல் வைத்து, வகுத்து, ஈவு 1-க்கு மேல் இருந்தால் மட்டும் இலக்கத்தைப் போடுவது என்ற வழி கிடைத்தது. நிரல் பாதியாகச் சுருங்கியது. விடை முன்பே தெரிந்ததால்தான் எழுதும் விதத்தில் உங்கள் கவனம் போனது. 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய, நிரல் எழுதுபவர்கள் கூடிப் பயிலும் கோட் ரிட்ரீட்டிலும் இதுதான் நடைமுறை. ஜோடியாக 45 நிமிடம் எழுதுவார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள்.

ஈப்போ_டெவ்:
நான் தம்பி பக்கம். எங்கள் இடத்துக்கு இந்த மாதிரிப் பயிற்சியில் கெட்டிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பழைய பில்லிங் நிரலைத் திறந்ததும் திகைத்துப்போகிறார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றும் கிடையாது, ஒரு வரியைத் தொட்டால் மாதக் கடைசி ரசீது தப்பாகிறது. வெறும் பக்கத்தில் தொடங்கும் பயிற்சி இதற்கு எப்படி உதவும்?

வகுப்பு_அக்கா:
அதற்கும் பயிற்சி இருக்கிறது அண்ணே. கில்டட் ரோஸ் என்று ஒன்று. இஃப்புக்குள் இஃப்பாகக் குழம்பிக் கிடக்கும் ஒரு கடைச் சரக்கு நிரலைக் கையில் கொடுத்து, புதுச் சரக்கு ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். முதலில் டெஸ்ட் எழுதி இப்போதைய நடத்தையைப் பிடித்து வைக்காமல் கை வைத்தால் மாட்டிக்கொள்வோம்.

பால்மரம்:
என் பாட்டியும் தினமும் ரப்பர் மரம் சீவித்தானே கை பழகினார்?

ஈப்போ_டெவ்:
பாட்டி சீவிய பாலை யாரும் கீழே கொட்டவில்லையே. அது வேலை, பயிற்சி இல்லை.

பால்மரம்:
புதிதாகச் சேர்ந்தபோது அவரை விட்டது வெட்டித் தள்ளப்போகிற கிழட்டு மரங்களில்தான். பட்டையைத் தாண்டிக் கத்தி இறங்கினால் காயம் பட்ட இடம் முண்டு முண்டாக வளரும், மறுபடி அந்தப் பக்கம் சரியாகச் சீவ முடியாது. கை நிதானத்துக்கு வந்த பிறகுதான் நல்ல மரம் கொடுத்தார்கள். உங்கள் பில்லிங் நிரல் நல்ல மரம் அண்ணே, அதில் பழக விடுவீர்களா?

ஈப்போ_டெவ்:
விட மாட்டேன், சரி. ஆனால் திரும்பத் திரும்பச் செய்தாலே திறமை வந்துவிடாது. பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் இதற்குக் காட்டுகிறார்கள். அதில் பேசப்படுவது ஆசிரியர் பார்த்து வகுத்துக் கொடுக்கும் பயிற்சி. இத்தனை பேருக்கு நீங்கள் ஒருவர். தப்பை யார் சுட்டிக்காட்டுவது? தப்பான பழக்கமும் திரும்பச் செய்தால் படிந்துவிடும்.

வகுப்பு_அக்கா:
விடை தப்பு என்றால் டெஸ்ட் சொல்லிவிடும். எழுதிய விதம் மோசம் என்று டெஸ்ட் சொல்லாது. அங்கே எனக்கு ஆள் போதவில்லை, உண்மைதான். நீங்கள் ஒரு ஞாயிறு வரலாமே, ஈப்போ பக்கம்தானே?

ஈப்போ_டெவ்:
கம்பெனி நிரலைக் கொண்டுவர முடியாது. அதே குழப்பத்தோடு சின்னதாக ஒன்று எழுதி எடுத்து வருகிறேன். ஒரு நிபந்தனை. அழிக்கக் கூடாது. அடுத்த வாரமும் அதிலேயே தொடர வேண்டும், போன வாரம் செய்த கோளாறோடு சேர்த்து.

வகுப்பு_அக்கா:
பாதிப் பேர் தொடரட்டும், பாதிப் பேர் அழித்துவிட்டு எழுதட்டும். அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

லயத்துப்பையன்:
நான் அழிக்காத குழு. இப்போதே பெயர் எழுதிக்கொள்ளுங்கள் அக்கா.