மறுமொழி: பழைய எம்ஜிபி காரின் முன் நம்பர் பிளேட்டைப் பிடிக்கும் பட்டைக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்காக நாம் தமிழில் எழுதும் கையேட்டில், முன் நம்பர் பிளேட்டைக் காரோடு பிடிக்கும் பட்டையை (பிராக்கெட்டை) எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘முன் உரிமத் தகடு ஏற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாமே, கேட்டவுடன் புரிகிறது.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. உரிமம் என்பது ஓட்டுகிறவர் பையில் இருப்பது. காரின் மூக்கில் இருப்பது பதிவு எண். ‘உரிமத் தகடு’ அமெரிக்க வழக்கை அப்படியே பெயர்த்த சொல். எம்ஜிபியும் டிரையம்பும் ஜாகுவாரும் பிறந்த இங்கிலாந்தில் அதற்கு நம்பர் பிளேட் என்றுதான் பெயர், நம் ஊர்ப் பட்டறையிலும் அதேதான். ‘ஏற்றம்’ என்றால் கிணற்றங்கரை நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் விலைவாசி. ஸ்பேனரோடு குனிந்து நிற்கிறவருக்கு அது உதவாது.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். நாம் இத்தனை மடல்களாகச் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணமே, மூன்று தனித்தனிப் பொருள்களுக்கு ஒரே சொல்லைத் தேடுவதுதான்.

எம்ஜிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்த கார், அதில் 1974 வரை வந்த குரோம் பம்பர் வண்டி. முன்னால் குனிந்து பார்த்தால் முதலில் தெரிவது எழுத்துள்ள தகடு. பிரிட்டனில் 1980 ஜனவரி 1-க்கு முன் செய்த கார், வரலாற்று வாகன வரிப்பிரிவில் பதிவாகியிருந்தால், பழைய பாணியில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது வெள்ளி எழுத்துள்ள தகட்டை மாட்டிக்கொள்ளலாம். ஆர்வலர்கள் பெரும்பாலும் அச்சில் அழுத்தி எழுத்தை மேலெழுப்பிய அலுமினியத் தகட்டைத்தான் விரும்புகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மெல்லியது, கையால் வளைத்தாலே வளையும். எஞ்சின் அதிர்விலும் எதிர்க்காற்றிலும் அது நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டிருந்தால் திருகு போட்ட துளையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும், அது மெல்ல ஓரம்வரை ஓடும். அதனால்தான் அதன் முதுகில் கொஞ்சம் கனமான இன்னொரு தகட்டை வைக்கிறார்கள். இது இரண்டாவது பொருள். அதற்கும் பின்னால் வளைத்த இரும்புப் பட்டைகள் உண்டு, தகட்டைக் காரோடு சேர்த்துப் பிடிப்பவை. நாம் தேடுவது இந்த மூன்றாவதற்கான சொல்லை.

இந்தப் பட்டைக்காகக் குரோம் பம்பரில் புதிதாகத் துளை போடவே கூடாது, இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். துளையிட்ட இடத்தில் குரோமுக்கு அடியில் இருக்கும் எஃகு வெளியே தெரியும், அங்கிருந்து துரு உள்ளுக்குள் பரவி மேற்பூச்சைப் பொக்கையாகத் தூக்கிவிடும். பம்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே பட்டையின் ஒரு முனையைக் கோத்து இறுக்குவதுதான் சரி, பின்னாளில் கழற்றினாலும் காரில் ஒரு தழும்பும் இருக்காது. அலுமினியத் தகட்டைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு நேராகத் தொட்டால், மழை ஈரம் சேர்ந்ததும் அலுமினியம்தான் அரிக்கும். இடையில் ஒரு நைலான் வாஷர் போதும். அப்புறம் அளவு. எம்ஜிபியில் பெரும்பாலும் யூஎன்எஃப் மரை, அதாவது அங்குல அளவில் வெட்டிய நுண்மரை. கால் அங்குல போல்ட்டின் தலைக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், கைக்கு வந்த 12 மில்லிமீட்டரைப் போட்டுத் திருகினால் துருவேறிய தலை உருண்டுவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> பிராக்கெட்டுக்குப் ‘போதிகை’ இருக்கிறதே. கோயில் தூண்களில் பார்க்கிறோம்.

போதிகை அருமையான சொல், அதை எங்காவது பயன்படுத்த வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு அம்மா. ஆனால் போதிகை தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தின் எடையை வாங்குவது. இங்கே எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. அந்தப் பட்டைகளின் வேலை தகட்டை ஆடவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ‘தாங்கி’யும் வேண்டாம், பாடநூல்களில் அது பேரிங்குக்குப் போய்விட்டது, ஒரே கையேட்டில் சக்கரத்திலும் தாங்கி பம்பரிலும் தாங்கி என்றால் படிக்கிறவர் திண்டாடிப்போவார். ‘தகடேந்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் ஏந்துவது என்றால் கீழிருந்து. பிரிட்டிஷ் வழக்கில் நீளமான தகடு, இன்றைய அளவில் 520-க்கு 111 மில்லிமீட்டர், பம்பருக்குக் கீழே தொங்கும்படி மாட்டுவது வசதி. அமெரிக்கத் தகடோ 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம். பம்பரின் மேல் நிமிர்த்தி வைத்தால் கிரில்லின் ஒரு பகுதியை மறைத்து ரேடியேட்டருக்குப் போகிற காற்றையும் தடுக்கும், கீழே தொங்கவிட்டால் வேகத்தடையில் உரசும் பயம். எம்ஜிபியில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது என்பதால் இந்தத் தொல்லை ஓரிருவருடையது அல்ல. கலிபோர்னியாவில் முன்னாலும் வேண்டும், புளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் பின்னால் மட்டும் போதும், ஒஹாயோ 2020 ஜூலையில் முன்தகட்டைக் கைவிட்டது. தொங்கினாலும் நிமிர்ந்து நின்றாலும் பொருந்துகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

அதனால் என் பரிந்துரை தகடுமாட்டி. சட்டைமாட்டி என்று வீட்டில் ஏற்கெனவே சொல்கிறோம். பட்டறையிலும் ‘நம்பர் பிளேட் மாட்டிட்டியா’ என்றுதான் கேட்பார்கள், யாரும் ‘பொருத்தினாயா’ என்று கேட்பதில்லை.

முதுகில் வைக்கும் கனமான தகட்டுக்குப் ‘பின்தகடு’ என்று முதல் மடலில் இருந்தது. அது ஆபத்து. பின்தகடு என்றால் எல்லாரும் காரின் பின்பக்க நம்பர் பிளேட்டைத்தான் நினைப்பார்கள். முதுகுத்தகடு என்றே வைத்துவிடலாம்.

எழுத்துள்ள தகட்டின் பெயரில் இலங்கை நண்பர்கள் ‘இலக்கத் தகடு’ என்கிறார்கள், மலேசியாவில் ‘எண் பட்டை’ என்று எழுதுகிறார்கள், இங்கே செய்தித்தாளில் ‘எண் பலகை’யும் வருகிறது. பலகை என்றால் மரம் என்றொரு மயக்கம் உண்டு. பட்டை என்ற சொல் இந்தக் கையேட்டில் இரும்புப் பட்டைக்கு வேண்டியிருக்கிறது. எனவே எண்தகடு, அல்லது இலக்கத் தகடு. இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம், கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் ஒரே வரியில் போடுவோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை யாரும் எழுப்பவில்லை. ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரை என்ன செய்வது? 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது அங்கே நின்ற 9600 எச்பி என்ற பதிவெண் கொண்ட காரின் படங்களைத் தேடிப் பாருங்கள். எண் மூக்கின் மேலேயே எழுத்தாக இருக்கும், தகடே கிடையாது. காற்று புகும் அந்த நீள்வட்ட வாயின் குறுக்கே ஒரு தகட்டைக் கட்டினால் அழகு போவது ஒரு பக்கம், காற்றும் அடைபடும். அந்தக் காருக்குச் சூடு ஏற்கெனவே ஒரு தலைவலி, 1968-இல் அதன் இரண்டாம் வடிவம் (சீரிஸ் 2) வந்தபோது குளிர்ச்சிக்காகவே வாயைப் பெரிதாக்கினார்கள். வாயை விட்டு மூக்குக்குக் கீழே தொங்கவிடலாம் என்றால், பானெட் (எஞ்சின் மூடி) முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் கார் அது, சாயும்போது தகட்டுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பிரிட்டனில் பல உரிமையாளர்கள் எண்ணைப் பானெட்டில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டிய எழுத்தையும் அங்கே நம்பர் பிளேட் என்றே சொல்கிறார்கள், ஆனால் நாம் அதைத் ‘தகடு’ என்று எழுதினால் படத்துக்கும் வரிக்கும் ஒட்டாது.

அதற்காகத்தான் எண்ணையும் தகட்டையும் பிரிக்கச் சொல்கிறேன். 1903-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி பிரிட்டிஷ் சட்டம் கேட்பது பதிவுக்குறி காரின் மேல் தெரிய வேண்டும் என்பதை. தகடு அதைக் காட்டும் ஒரு வழி. காரின் முன்னால் தெரியும் எண், தகட்டில் இருந்தாலும் ஒட்டியிருந்தாலும், முன்னெண். தகட்டில் இருந்தால் முன் எண்தகடு. அதைப் பிடிப்பது தகடுமாட்டி, இடையில் நிற்பது முதுகுத்தகடு. கையேட்டில் இப்படி வரும்: ‘தகடுமாட்டியின் மேல்முனையைப் பம்பர் போல்ட்டில் கோத்து இறுக்கவும். முதுகுத்தகட்டை அதில் திருகி, கடைசியாக எண்தகட்டை நைலான் வாஷர் வைத்துப் பூட்டவும்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கும் தடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தடுக்கிறது என்றால் எந்தச் சொல்லில் என்று எழுதுங்கள், மாற்றுவோம்.

இந்த வாரத்துக்குள் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். அதே பக்கத்தில் பம்பரின் மேல் குத்தாக நிற்கும் இரண்டு துண்டுகளுக்கும், ஓவர்ரைடருக்கு, இன்னும் சொல் இல்லை. எனக்குப் ‘பம்பர் கொம்பு’ என்றுதான் வருகிறது. வேறு யாரிடமாவது நல்லது இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.

அன்புடன்.