2024-இல் ஆழமான அணி எது: ஓஹையோ ஸ்டேட்டா, மிச்சிகனா?

ஒலென்டாஞ்சிக்கரை கேட்டது:

2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில் நடந்த ஓஹையோ ஸ்டேட் – மிச்சிகன் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி எனக்கும், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் படித்த என் மைத்துனருக்கும் இடையே எழுந்த வாக்குவாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அனுபவத்திலும் பெஞ்ச் பலத்திலும் அன்று ஓஹையோ ஸ்டேட் எட்டாத உயரத்தில் இருந்தது என்பது என் கட்சி. ஜாக் சாயர், ஜே.டி. துய்மொலோவா, எமேகா எக்புகா, ட்ரெவியான் ஹெண்டர்சன், டொனோவன் ஜாக்சன், டென்சல் பர்க் என, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் ட்ராஃப்டுக்கு முந்தைய ஆண்டே போயிருக்கக்கூடிய ஒரு பட்டாளமே கல்லூரியில் தங்கிவிட்டது. அது போதாதென்று கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வில் ஹோவர்ட், ஓல் மிஸ்ஸிலிருந்து ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) குவின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) கேலப் டவுன்ஸ், சென்டர் (லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்) ஸெத் மெக்லாஃப்லின் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். இந்த அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவாகிறது என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்.

எதிரே நின்ற மிச்சிகனோ 2023-இல் 15-0 என்று பட்டம் வென்றதோடு ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்திருந்தது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்எஃப்எல்லின் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். 13 பேர் ஒரே ட்ராஃப்டில் தேர்வானார்கள். குவார்ட்டர்பேக், முதன்மை ரன்னிங் பேக், எதிரிகளைத் தடுத்து வழி திறக்கும் முன்வரிசையான அஃபென்சிவ் லைனின் ஐவர் என எவரும் மிஞ்சவில்லை. 6-5 என்ற நிலையில் வந்த அந்த அணி, ஏறத்தாழ மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பெறும் 6 புள்ளி) வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில் 13-10 என வென்றது.

"உங்களிடம் இருந்தது பெயர்ப் பட்டியல், ஆழம் அல்ல" என்கிறார் மைத்துனர். அப்படியானால் அதே அணி அடுத்த சில வாரங்களில் டென்னசி, ஓரிகன், டெக்சாஸ், நோட்டர் டேம் ஆகிய நான்கையும் வரிசையாக வீழ்த்திப் பட்டம் வென்றது எப்படி? அனுபவத்தையும் ஆழத்தையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இடது டேக்கிள் எழுதியது:

தங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. தாங்கள் அடுக்கிய பெயர்களில் அஃபென்சிவ் லைனைச் சேர்ந்தவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் பந்தை ஏந்துபவர்கள் அல்லது தடுப்பாட்டக்காரர்கள். ஆழம் என்பதை அன்றைய விதி அனுமதித்த 85 ஸ்காலர்ஷிப் வீரர்களின் மொத்தக் கூட்டுத்தொகையாகப் பார்த்தால் ஓஹையோ ஸ்டேட்டுக்கு இணை கிடையாது. ஆனால் ஆட்டத்தில் அடிபடுவது கூட்டுத்தொகை அல்ல. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட ஆள். அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார், அவர் அந்த இடத்தில் உண்மையான எதிரியின் முன் எத்தனை முறை நின்றிருக்கிறார் என்பதுதான் ஆழம்.

அந்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 12 அன்று 32-31 எனத் தோற்ற ஓரிகன் ஆட்டத்தில், லைனின் இடது ஓரத்தில் நிற்கும் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதற்கும் வெளியேறினார். அடுத்த நெப்ராஸ்கா ஆட்டத்தில் அந்த இடத்துக்கு வந்த ஸென் மிக்கால்ஸ்கி திணறினார். பிறகு அவரும் காயமுற்றார். அந்த ஆட்டத்தை 21-17 என்று தட்டுத்தடுமாறித்தான் வென்றார்கள். உடனே, டேக்கிளுக்கும் சென்டருக்கும் இடையே நிற்கும் கார்டாக இருந்த டொனோவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். அதனால் கார்டு இடம் காலியாயிற்று. நவம்பரில், இந்தியானா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், மெக்லாஃப்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. பின்னர் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது என்பதிலிருந்தே இழப்பின் அளவைப் புரிந்துகொள்ளலாம். அவருடைய இடத்துக்குக் கார்சன் ஹின்ஸ்மன் நகர்ந்தார். ஆக, மிச்சிகன் வந்த நாளில் ஆண்டின் தொடக்கத்தில் திட்டமிட்ட இடது டேக்கிள், இடது கார்டு, சென்டர் ஆகிய மூவரில் ஒருவர்கூட அவரவர் இடத்தில் இல்லை.

அந்த இடைவெளிக்கு நேர் எதிரே நின்றவர்கள் மிச்சிகனின் டிஃபென்சிவ் லைன் (தடுப்பாட்ட முன்வரிசை) நடுவில் ஆடிய மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். ட்ராஃப்டில் ஒருவர் ஐந்தாவதாகவும் மற்றவர் பதின்மூன்றாவதாகவும் தேர்வானார்கள். அன்று ஓஹையோ ஸ்டேட் 26 முறை ஓடி 77 யார்டு மட்டுமே சேர்த்தது. அந்த ஆண்டு ஹெண்டர்சனும் ஜட்கின்ஸும் ஆளுக்கு 1,000 யார்டுக்கு மேல் ஓடியவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு நல்ல ரன்னிங் பேக்குகள் இருப்பது ஆழம்தான், ஆனால் அவர்களுக்கு முன்னால் வழி திறப்பவன் இல்லாதபோது இரண்டாமவர் முதலாமவரைப் போலவே சுவரில் மோதுகிறார்.

ஹூரான் நதியோன் எழுதியது:

மிச்சிகன் பக்கத்திலிருந்து ஒரு சொல். மூன்றாண்டுகளாகவே இந்தப் போட்டியில் வேறுபாடாக இருந்தது லைன்தான் என்பதற்கு 2024-ஐவிட நல்ல சான்று 2023 ஆட்டத்தில் இருக்கிறது. மூன்றாம் கால் பகுதியில் 17-17 எனச் சமமாக இருந்தபோது எங்கள் வலது கார்டு ஸாக் ஸின்டர் கால் முறிந்து வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டார். அவர் அணித்தலைவர்களில் ஒருவர், லைனின் முதுகெலும்பு. வலது டேக்கிளாக ஆடிக்கொண்டிருந்த கார்சன் பார்ன்ஹார்ட் ஓர் இடம் உள்ளே நகர்ந்து கார்டானார். டேக்கிளுக்கு ட்ரென்டே ஜோன்ஸ் வந்தார். அடுத்த ஆட்டத்துணுக்கிலேயே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். உணர்ச்சி வேகத்தில் நடந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்ன்ஹார்ட் லைனின் பல இடங்களில் ஆடிப் பழகியவர். ஜோன்ஸ் ஆறாவது தடுப்பாளராகக் களத்தில் இறங்கி இறங்கித் தேறியவர். இரண்டு பேர் இடம் மாறிய அந்த நிமிடத்தில் அவர்களுக்குள் புதிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது எதுவும் இருந்திருக்காது.

2024-இல் எங்கள் நிலை வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் இடத்தில் மூன்று பேரை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்த டேவிஸ் வாரனிடம் திரும்பினோம். கொலம்பஸில் அவர் எறிந்து சேர்த்தது 62 யார்டு. கார்னர்பேக் வில் ஜான்சனும் டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லேண்டும் அன்று ஆடவே இல்லை. காலெல் மல்லிங்ஸ் 32 முறை பந்தைச் சுமந்து 116 யார்டு ஓடினார். கடைசித் தாக்குதலில் அவர் ஓடிய 27 யார்டுதான், 45 வினாடி மீதமிருக்கையில் டொமினிக் ஸ்வாடா அடித்த 21 யார்டு ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் 3 புள்ளிக்கு) வழிவிட்டது. மொத்த அணியாகப் பார்த்தால் எங்களிடம் ஆழம் குறைவு. ஒரே ஓர் இடத்தில், டிஃபென்சிவ் லைனின் நடுவில், நாட்டிலேயே யாருக்கும் குறையாத ஆழம் இருந்தது. நவம்பர் இறுதிக் குளிரில் அந்த ஓர் இடம் எத்தனை இடங்களை ஈடுகட்டும் என்பதைத்தான் மைத்துனர் சொல்ல வருகிறார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிசம்பர் 31 அன்று அலபாமாவை 19-13 என வென்றபோது கிரஹாம், கிராண்ட், லவ்லேண்ட், ஜான்சன், மல்லிங்ஸ் ஆகிய ஐவருமே ஆடவில்லை. புதுமுகம் ஜோர்டன் மார்ஷல் 100 யார்டு ஓடினார். ஆழம் குறைந்த அணி செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

மூன்றாவது டவுன் எழுதியது:

இருவரும் லைனைப் பற்றி எழுதியது உண்மை, ஆனால் முழுமை அல்ல. மெக்லாஃப்லின் இல்லாத அதே ஒட்டுப்போட்ட லைன், மிச்சிகன் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, அதுவரை தோல்வியே காணாத இந்தியானாவை 38-15 என நொறுக்கியது. நவம்பர் 2 அன்று பென் ஸ்டேட்டில், ஜாக்சன் டேக்கிளாக நின்ற முதல் ஆட்டத்தில், கடைசி ஐந்து நிமிடங்களையும் பந்தை ஓட்டியே கரைத்து 20-13 என வென்றார்கள். எனவே காயங்கள் மட்டுமே காரணம் என்பது எடுபடாது.

ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கே பந்தைக் கொடுப்பது பயிற்சியாளரின் வேலை. அன்று தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயும் தாக்குதல் பயிற்சியாளர் சிப் கெல்லியும், கிரஹாமும் கிராண்டும் நின்ற நடுப்பகுதிக்குள்ளேயே மீண்டும் மீண்டும் ஓடவிட்டார்கள்; முந்தைய மூன்று ஆண்டுகளில் "மென்மையான அணி" என்று கேட்ட ஏச்சுக்குப் பதில் சொல்லும் பிடிவாதமாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. ஜெரமையா ஸ்மித், எக்புகா, கார்னெல் டேட் என்று, எறியும் பந்தைப் பிடிக்கும் மூன்று ரிசீவர்கள் வெளியே காத்திருந்தார்கள். ஹோவர்ட் இரண்டு முறை பந்தை எதிரிக்கு எறிந்ததும், உதைப்பவர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோல்களைத் தவறவிட்டதும் தனிக் கணக்கு. 13-10 என்ற ஆட்டத்தில் இரண்டு உதை தவறினால், 2 கோடி டாலர் அணியின் அனுபவத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் மிகக் குறைவு.

டிசம்பரில் என்ன மாறியது? லைனில் ஆட்கள் மாறவில்லை. பந்து வெளியே போகத் தொடங்கியது. பட்டத்துக்கான காலிறுதியான ரோஸ் பவுலில் ஓரிகனுக்கு எதிராக இரண்டாம் கால் பகுதி முடிவதற்குள் 34-0 என முன்னிலை பெற்றார்கள். ஸ்மித் ஒருவரே 187 யார்டு பிடித்தார்.

இடது டேக்கிள் எழுதியது:

பந்து வெளியே போனதை மறுக்கவில்லை. ஆனால் ஹோவர்டுக்கு எறிய நேரம் கிடைத்தது ஜாக்சன் இடது டேக்கிள் வேலையைக் கற்றுத் தேறியதால்தான். கார்டாக நெடுநாள் ஆடியவர், ஆண்டின் நடுவில் இடம் மாறி, ட்ராஃப்டின் முதல் சுற்றிலேயே 24-ஆவதாகத் தேர்வானார். அவர் அந்த இடத்தில் பென் ஸ்டேட்டின் அப்துல் கார்ட்டரிடம் முதல் நாளே வாங்கிய அடி வீண்போகவில்லை. நவம்பரில் ஓட்டையாக இருந்தது ஜனவரியில் பலமானதை "ஆட்கள் மாறவில்லை" என்று ஒரு வரியில் கடந்துவிட முடியாது. அதே ஆட்களின் அனுபவம் மாறியிருந்தது.

ஒலென்டாஞ்சிக்கரை எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் ஆட்டத்துக்கு முன்பே இதைக் கணிக்க வழியுண்டா? பள்ளி வீரர்களுக்கு வழங்கப்படும் நட்சத்திர மதிப்பீடுகளையும், முந்தைய ஆண்டின் ஆட்டப் பங்களிப்பில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது என்ற கணக்கையும்தான் எல்லாரும் காட்டுகிறார்கள்.

டிசம்பர் போர்ட்டல் எழுதியது:

இரண்டுமே பயன்படும், ஆனால் வெவ்வேறு வேலைகளுக்கு. நான்கு ஆண்டுச் சேர்க்கையில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்களாக இல்லாத அணி பட்டம் வெல்வதில்லை என்ற, கல்லூரிக் கால்பந்து எழுத்தாளர் பட் எலியட்டின் விதி, யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். 2023 மிச்சிகன் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டிய அணிதான். ஓஹையோ ஸ்டேட் அதற்கு மிக மேலே. வென்றது மிச்சிகன். திரும்பி வரும் பங்களிப்பைக் கணக்கிடும், புள்ளிவிவர ஆய்வாளர் பில் கானலியின் முறை, வேறு கல்லூரியிலிருந்து வருபவர்களின் பழைய பங்களிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. 2021-க்குப் பிறகு, ஓராண்டு காத்திருக்காமல் அணி மாறலாம் என்ற நிலையில், அதைச் சேர்க்காமல் கணக்கிட முடியாது. இரண்டிலும் விடுபடுவது, இரண்டாம் வரிசையில் இருப்பவன் அணியில் தங்குவானா என்பது.

அனுபவம் மிக்க மாற்று வீரரைப் பெஞ்சில் வைத்திருப்பது இன்று மிகக் கடினம். நன்றாக ஆடக்கூடியவன் வேறு இடத்தில் முதல் வரிசைக்குப் போய்விடுகிறான். 2023-இல் ஓஹையோ ஸ்டேட்டின் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக இருந்த கைல் மெக்கார்ட், சிரக்யூஸுக்குப் போய் 2024-இல் நாட்டிலேயே அதிக யார்டு எறிந்தார். போகாமல் தங்கியவர்களைத் தேடுங்கள். அலபாமாவிலிருந்து வந்து 2024 முழுவதும் ஹோவர்டுக்குப் பின்னால் காத்திருந்த ஜூலியன் சாயின் அப்படிப்பட்டவர்.

அதனால்தான் 2025 ஆட்டம் இந்த விவாதத்துக்கு நல்ல உரைகல். முந்தைய அணியிலிருந்து 14 பேர் ட்ராஃப்டில் போய்விட்ட ஓஹையோ ஸ்டேட், காகிதத்தில் அனுபவம் குறைந்த அணியாக ஆன் ஆர்பருக்குப் போய், பனிப்பொழிவில் 27-9 என வென்றது. 2019-க்குப் பிறகு மிச்சிகனுக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த ஆண்டு லைனில் நின்றவர்கள் யார்? சென்டர் ஹின்ஸ்மன், இடது பக்கத்தில் ஆஸ்டின் சீரவெல்டும் லூக் மான்ட்கமரியும். முந்தைய ஆண்டு சிம்மன்ஸும் மெக்லாஃப்லினும் விழுந்தபோது ஒட்டுப்போடப் பயன்பட்ட அதே ஆட்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் பள்ளியிலிருந்து நேரே வந்த முதலாண்டு மாணவர். சாயினுக்கு வாய்த்ததுபோல் ஓராண்டு ஓரமாக நின்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை.

ஆகவே அடுத்த ஆண்டுக்கான கணிப்பு வேண்டுமென்றால், செப்டம்பரில் எளிய எதிரணிகளோடு நடக்கும் ஆட்டங்களின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். இடது டேக்கிளுக்கும் சென்டருக்கும் யார் மாற்றாக இறங்குகிறார்கள், பந்து எறியும் ஆட்டத்தை அவர்களை வைத்து ஆடவிடுகிறார்களா, அல்லது கடிகாரத்தை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகைதான் ஆழம் வளர்க்கும் அணி.

ஹூரான் நதியோன் எழுதியது:

27-9 பற்றி இனி எத்தனை மாதம் கேட்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை. ஆனாலும், அடுத்த சனிக்கிழமையே இந்த அணிகள் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் இந்தியானாவிடம் அவர்கள் தோற்ற கணக்கு 13-10 என்பதையும், கடைசி நிமிடங்களில் சமன்செய்யும் ஃபீல்ட் கோலைத் தவறவிட்டவர் அதே ஃபீல்டிங் என்பதையும் மைத்துனரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உதைப்பவர் இடத்திலும் ஆழம் வேண்டும்.