மூன்று நாள் கழித்துப் போன மெசேஜ்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை இரவு

கார்த்தி: (பலமுறை பகிரப்பட்டது) இனி செல்போன் டவரே தேவையில்லை! வானத்திலிருந்து எல்லோருக்கும் இலவச நெட்! 10 பேருக்கு அனுப்பினால் உங்கள் சிம் ஆக்டிவேட் ஆகும்!!

பணகுடி மாமா: ஏலே, பத்துப் பேருக்கு அனுப்பினால் சிம் ஆக்டிவேட் ஆகாது. உன் மானம்தான் போகும்.

கார்த்தி: அப்போ பொய்யா மாமா?

பணகுடி மாமா: பாதி நிஜம், அதுதான் தொல்லை. 2025 டிசம்பர் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நம்ம எல்விஎம்3 ராக்கெட் ஏறியதே, அதில் போனது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ப்ளூபேர்ட் செயற்கைக்கோள். 6,100 கிலோ. சாதாரண போனோடு நேராகப் பேசத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். குடை ஆன்டெனா எதுவும் வேண்டாம்.

பணகுடி மாமா: அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் (உறைகுளிரில் திரவமான எரிபொருளில் ஓடுகிற) எஞ்சினைச் சோதிப்பது எங்கே தெரியுமா? நம்ம மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மகேந்திரகிரி மலையில்.

ராணி மதினி: குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்களே, அங்கிருந்தே விடலாமே அண்ணே?

பணகுடி மாமா: அது சின்ன ராக்கெட்டுக்கு அம்மா, 500 கிலோ செயற்கைக்கோள் வரைக்கும்தான். இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே போகலாம் என்று அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

கார்த்தி: டவர் தெரு முனையில் இருக்கிறது, அதற்கே என் அறையில் சிக்னல் இல்லை. அந்தச் செயற்கைக்கோள் 500 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறதாமே, அதற்கு எப்படி எட்டும்?

பணகுடி மாமா: இப்போதுதான் உருப்படியாகக் கேட்கிறாய். செல்போனால் பலமாகக் கத்த முடியாது, அதனால் மேலே இருப்பவன் காதைப் பெரிதாக்கிக்கொள்கிறான். அது விரிக்கிற ஆன்டெனா 223 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஐந்தரை சென்ட். ஆச்சி வீடு, தொழுவம், முற்றம் எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

பணகுடி மாமா: ஆனால் வானம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். உன் அறைக்குள் வராது.

கார்த்தி: 😐 அது அங்கேயே நிற்குமா?

பணகுடி மாமா: நிற்காது. மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகம். சில நிமிடத்தில் கடந்துவிடும், அதற்குள் அடுத்தது வர வேண்டும். அதனால் நிறைய விட வேண்டியிருக்கிறது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் 36,000 கிலோமீட்டர் மேலே அசையாமல் நிற்கிற செயற்கைக்கோள்தான். ஒரு ஹலோ போய்ப் பதில் வர அரை விநாடி. இரண்டு பக்கமும் ஹலோ ஹலோ என்று முட்டிக்கொள்வோம்.

ஏரல் சித்தி: 2023 வெள்ளத்தில் இது இருந்திருந்தால் என்ன.

ஏரல் சித்தி: டிசம்பர் 18 விடிகாலை 2 மணி. கீழ்வீட்டில் இடுப்புக்குத் தண்ணீர். "நாங்கள் மாடியில் இருக்கிறோம், பயப்படாதீர்கள்" என்று இதே குழுவில் போட்டேன். பக்கத்தில் அந்தக் குட்டிக் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சார்ஜ் 4 சதவீதம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அணைந்துவிட்டது.

ராணி மதினி: மூன்றாம் நாள் எங்களுக்கு வந்தது. நீங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தீர்கள் சித்தி.

ஏரல் சித்தி: ஆமாம். கரண்டு கண்டதும் போன் தானாகவே அனுப்பிவிட்டது 😂

பணகுடி மாமா: டவருக்கும் கரண்டு வேண்டும், பேட்டரி வேண்டும், கேபிள் அறுந்திருக்கக் கூடாது. வெள்ளத்தில் அந்த ஒரு வரி போவதற்குத்தான் இந்தச் செயற்கைக்கோள் எல்லாம் என்பது என் எண்ணம். இலவச நெட் கனவெல்லாம் வேண்டாம். ஒரு டவர் ஒரு ஊருக்கு. மேலிருந்து விழுகிற ஒரு சிக்னல் கற்றை ஒரு தாலுகாவையே மூடும், அத்தனை பேரும் அதைப் பங்குபோட வேண்டும். சினிமா பார்க்க பைபர் கேபிள்தான்.

சென்னை அத்தான்: ஸ்டார்லிங்க்?

பணகுடி மாமா: இந்தியாவில் அவர்கள் உரிமம் வாங்கியது 2025 ஜூனில். அதுவும் செயற்கைக்கோள் நெட்தான், வீட்டுக்குத் தட்டு ஆன்டெனா வைக்கிற வகை. கேபிள் இழுக்க முடியாத காரையாறு மேலே இருக்கிற காணிப் பழங்குடிக் குடியிருப்புக்குச் சரி. உனக்கு எதற்கு?

கார்த்தி: ஆச்சி கேட்கச் சொல்கிறாள்: மழை வந்தாலே நம்ம டிவி குடை படம் காட்டாது, வெள்ளத்தில் இது மட்டும் எப்படி வேலை செய்யும்?

பணகுடி மாமா: அட! ஆச்சிதான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள். டிவி குடைக்கு வருவது உயர்ந்த அலைவரிசை, மழைத்துளி தின்றுவிடும். போனுக்கு வருவது அதைவிடத் தாழ்ந்தது, மழை அவ்வளவாகத் தடுக்காது.

ஏரல் சித்தி: அண்ணே, வானத்தில் ஐந்தரை சென்ட் விரித்தாலும் என் போனில் 4 சதவீதம்தானே இருந்தது.

பணகுடி மாமா: 🙏 ஞாயிற்றுக்கிழமை வரும்போது பவர் பேங்க் வாங்கி வருகிறேன். பெரியது.

ஏரல் சித்தி: சரி. பனங்கிழங்கு அவித்து வைக்கிறேன்.