இதயநோய் ஆய்வுப் படிவம்: ‘ஆபத்துக் காரணி’க்கு மாற்றுச் சொல் வேண்டும்

அன்புடைய குழுவினருக்கு,

சென்னையில் தொடங்கவுள்ள இதயநோய் ஆய்வொன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அது நெறிமுறைக் குழுவுக்குச் சென்றாக வேண்டும். புகைப்பழக்கம், மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டும் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘ஆபத்துக் காரணி’ என்று எழுதியிருந்தேன். மூலத்தைப் பாராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கியபோது ‘ஆபத்தான காரணம்’ என்று பொருள்படும் தொடராகத் திரும்பி வந்தது. ‘இடர்க்காரணி’ என்று மாற்றினால் போதுமா?

– மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்

•

அம்மா, முன்பாதியை மாற்றிப் பயனில்லை. சிக்கல், காரணம் என்றே காதில் விழும் ‘காரணி’யில் இருக்கிறது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு, 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரைச் சேர்த்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. வில்லியம் கேனலும் குழுவினரும் 1961இல் வெளியிட்ட கட்டுரையே ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்னும் தொடரை மருத்துவ உலகில் பரப்பியது. ‘இதனால் நோய் வந்தது’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘இது உடையோரிடையே நோய் மிகுதியாக வந்தது’ என்றே சொன்னார்கள். அவற்றுட் சில காரணங்களே எனப் பின்னர் உறுதிப்பட்டது உண்மைதான். ஆயினும் முதுமையும் ஆணாய்ப் பிறத்தலும் இப்பட்டியலில் இருக்கின்றன, அவற்றைக் காரணம் என்று ஒருவரிடம் சொல்லி என்ன செய்யச் சொல்வது?

சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு இடரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஒன்பது கூறுகள் விளக்குகின்றன என்றது. அந்த ஒன்பதில் காய்கனி உண்பதும் உடற்பயிற்சியும் காக்கும் பக்கத்தில் நிற்பவை. அந்த 90 விழுக்காடும் மக்கள்திரளுக்கான கணக்கேயன்றித் தனியொருவரின் ஜாதகமன்று. ‘காரணி’ என்று படிக்கும் நோயாளியோ, பிபியும் சுகரும் இல்லையெனில் தமக்கு வராது என்றும், இருந்தால் வந்தே தீரும் என்றும் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் பிழை.

– இதயநோய் மருத்துவர், கீழ்ப்பாக்கம்

•

மருத்துவர் ஐயா ‘காரணி’யைக் கண்டித்தார், நான் ‘இடர்’ என்பதையும் ஐயுறுகிறேன். சம்பந்தர் நெடுங்களத்தில் ‘இடர் களையாய்’ என்று வேண்டுவது வந்து பற்றிக்கொண்ட துன்பத்தை நீக்குமாறுதானே? இங்கு நாம் பேசுவது இன்னும் வராததை. அதற்கு நம்மிடம் ‘ஏதம்’ இருக்கிறது. ‘இழுக்காற்றின் ஏதம் படுபாக்கு அறிந்து’ (குறள் 164) என்ற அடியில், தவறான வழியிற் சென்றால் பின்னர் நேரவிருக்கும் கேட்டை முன்னறிதல் என்னும் பொருள் அப்படியே அமைந்திருக்கிறது. 831ஆம் குறளோ ஏதத்தை ஊதியத்துக்கு எதிரே நிறுத்துகிறது. ஆகவே ‘ஏதக்கூறு’ என்பதே என் பரிந்துரை. ‘மாற்றத்தக்க ஏதக்கூறு’, ‘மாற்றவியலாத ஏதக்கூறு’ என்று அடை ஏற்கவும் அது இடந்தரும்.

– ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருவல்லிக்கேணி

•

‘ஏதக்கூறு’ என்று அச்சிட்டால் அச்சகத்தார் அதைச் ‘சேதக்கூறு’ என்று திருத்திவிடுவார். எங்கள் தெருவில் எல்லோரும் ‘ரிஸ்க்’ என்றே சொல்கிறார்கள்; அதையே தமிழெழுத்தில் எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

– மென்பொருள் பொறியாளர், வேளச்சேரி

•

கணக்கு வகுப்பில் ஆறின் காரணிகள் ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு என்று கற்பிக்கிறோம். காரணிப்படுத்தல் என்றொரு பாடமே உண்டு. மாணவருக்குக் காரணி என்றால் மீதியின்றி வகுக்கும் எண்ணே தவிரக் காரணம் அன்று. எனவே அச்சொல் காரணப் பொருளைத் திணிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. மேலும் ‘இடர்’ என்பது ‘இடறு’ என்பதோடு உறவுடையது. வழியில் கிடக்கும் கல்லே இடர், கால் படுவது பிறகு. பேராசிரியர் தேடும் வருங்காலப் பொருள் அதிலேயே இருக்கிறது.

– கணித ஆசிரியர், தாம்பரம்

•

இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் இவ்வளவு எளிதாக உறவாக்கினால், அரமும் அறமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடும். குறள் 948இன் ‘நோய்முதல்’ என்பதை யாரேனும் எடுத்துவருமுன் சொல்லிவிடுகிறேன்: அங்கே நோய் வந்த பிறகே முதல் தேடப்படுகிறது, அதுவும் இங்கே உதவாது.

– பேராசிரியர்

•

சான்றோர் அனைவருக்கும் நன்றி. களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று உரக்கப் படித்துக்காட்டப்போகும் படிவம் இது. ஒருமுறை கேட்டதும் விளங்க வேண்டும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் ‘இடர்க்காரணி’யையே ஏற்பதால் அதை வைத்துக்கொள்கிறேன். மருத்துவர் ஐயாவின் கருத்துக்கிணங்க, அச்சொல் முதலில் வருமிடத்தில், ‘இது இருப்பவருக்கு இதயநோய் வரக்கூடிய வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி, இருப்பதனாலேயே நோய் வந்துவிடும் என்றோ, இல்லாததனால் வரவே வராது என்றோ பொருளன்று’ என்று சேர்த்துள்ளேன்.

– மொழிபெயர்ப்பாளர்

•

விளக்கத்தொடர் போதும், சொல் எதுவானாலும் எனக்கு உடன்பாடே.

– மருத்துவர்

•

‘வரக்கூடிய வாய்ப்பு’ என்று மாரடைப்பைக் குறித்து எழுதுவதா? வாய்ப்பு நல்லதற்கு உரிய சொல். என் மறுப்பைப் பதிவுசெய்து வைக்க வேண்டுகிறேன். அடுத்த பதிப்பிலேனும் ‘ஏதக்கூறு’ பரிசீலிக்கப்படட்டும். அதுவரை, தங்கள் வரைவின் இரண்டாம் பக்கத்தில் ‘இடர்காரணி’ என்று ஒற்று விடுபட்டுள்ளது. நீர்க்குடம், தேர்க்கால் போல அங்கும் ககர ஒற்று மிகும்.

– பேராசிரியர்