நொய்யலில் மீன்கள் சினைவிடுவதை எங்கே, எப்போது பார்க்கலாம்?

கேள்வி – வடவள்ளி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஐப்பசியில் கனடாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, வான்கூவர் நகருக்குள் ஓடும் ஸ்டில் கிரீக் என்னும் சிற்றோடையில் சம் சால்மன் மீன்கள் முட்டையிடுவதைக் கண்டேன். கிடங்குகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே செல்லும் அந்த ஓடைக்கு, சுமார் 80 ஆண்டுகள் வராதிருந்த மீன்கள் 2012-இல் திரும்பி வந்தனவாம். பெண்மீன் ஒருக்களித்துச் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்துப் பள்ளம் பறிப்பதையும், ஆண்மீன் வந்து அணைந்து நிற்பதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையிட்ட சில நாள்களிலேயே அவை இறந்துவிடும் என்று மகள் சொன்னபோது மனம் கனத்தது.

ஊர் திரும்பிய பிறகு, நொய்யல் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நம் ஆற்று மீன்கள் எங்கே சினைவிடுகின்றன என்ற எண்ணம் எழுகிறது. அதைக் கரையிலிருந்து காண இயலுமா? நீலகிரியின் டிரவுட் மீன் பவானி வழியாக மேட்டுப்பாளையம் வரை இறங்கி வருவதுண்டா?

பதில் – பேரூர்க்காரன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். டிரவுட் அவ்வளவு தூரம் இறங்காது. ஆங்கிலேயர் கொண்டுவந்த அந்த மீனுக்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த மலைநீரை விட்டு வந்தால் அதற்கு வாழ்வில்லை.

நம் ஆற்று மீன்கள் நடந்துகொள்ளும் விதம் வேறு. சால்மன் கடலிலிருந்து தான் பிறந்த ஓடையை மணத்தால் அறிந்து திரும்புகிறது. முட்டைகளைச் சரளைக்கு அடியில் புதைக்கிறது. சரளையினூடே கசிந்தோடும் குளிர்நீர்தான் அவற்றுக்கு மூச்சு. நம் கெண்டையும் கெளுத்தியும் மழைக்காகக் காத்திருப்பவை. வெள்ளியங்கிரி மலையில் மழை பிடித்து, கலங்கிய புதுவெள்ளம் இறங்கி, கரையோரப் புல் மூழ்கியவுடன் சினைமீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. சிறு கெண்டைகள் பலவற்றின் முட்டைகள் புல்லிலும் வேரிலும் ஒட்டிக்கொள்ளும். பெற்ற மீன்கள் அவற்றைக் காப்பதில்லை. ஆகவே ஐயா அங்கே கண்டதைப் போன்ற பள்ளத்தை இங்கே தேட வேண்டாம். அணைக்கட்டின் கீழே நுரைத்து விழும் நீரில், மீன் துள்ளி ஏற முயல்வதைத் தேடுங்கள். தென்மேற்குப் பருவத்தின் முதல் வெள்ளத்துக்குச் சித்திரைச்சாவடி அணைக்கட்டு நல்ல இடம். வெள்ளம் சற்று வடியும் காலை வேளையில், கரையில் நின்றே பார்க்கலாம். பாசி படிந்த கட்டின்மேல் தயவுசெய்து நடக்காதீர்கள்.

பதில் – குளத்தேரி வாசகி

பள்ளம் பறிக்கும் மீனும் நம் ஊரில் உண்டு, ஐயா. கோவைக் குளங்களின் ஓரத்தில் நீர் தெளிந்திருக்கும்போது, தட்டுப் போன்ற வட்டக் குழிகள் சேற்றில் வரிசையாகத் தெரியும். ஜிலேபி மீனின் ஆண் அவற்றை வாயால் தோண்டிக் காவல் நிற்கும். பெண் முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும்வரை சுமக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், சாக்கடை கலந்த நீரையும் தாங்கிப் பெருகிவிடுகிறது. அதன் தாய்மையை வியக்கிறேன். ஆயினும் நம் கெண்டைகள் இருந்த இடத்தில் அது மட்டுமே நிறைந்திருப்பதைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

விராலையும் விட்டுவிடாதீர்கள். செங்குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வந்து மூச்செடுக்கும். பெற்ற மீன் கீழே காவல் நிற்கும். அந்நேரத்தில் தூண்டிலிட்டுப் பெரிய மீனைப் பிடித்துவிட்டால், குஞ்சுகளைக் காக்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

பதில் – சூலூர் விவசாயி

எங்கள் அப்புச்சி வாய்க்காலில் மூங்கில் கூடு வைக்கும்போது, அதன் வாயை எப்போதும் மேற்கு நோக்கியே, அதாவது நீர் வரும் திசையைப் பார்த்தே வைப்பார். புதுத்தண்ணிக்கு ஏறும் சினைமீன் அதில் சிக்காது; சினைவிட்டு இறங்கும் மீன் மட்டுமே சிக்கும். இன்று கீழ்மடையில் கண்ணி சிறுத்த நைலான் வலையைக் குறுக்கே கட்டி, ஏறுகிற மீனையெல்லாம் வயிறு நிறைந்த சினையோடு அள்ளுகிறார்கள். சாயக்கழிவையும் சாக்கடையையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இதைப் பற்றியும் பேச வேண்டும்.

கேள்வி கேட்டவர் – வடவள்ளி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. ஆனி மழையின் மறுநாள் காலை சித்திரைச்சாவடிக்குச் சென்றேன். முதல் அரைமணி நேரம் கலங்கல் நீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கல்சரிவின் ஓரத்தில் நீர் மெலிந்து வழியும் இடத்தில், விரல் நீளமுள்ள கெண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாவின. பெரும்பாலானவை வழுக்கிக் கீழே விழுந்து, மீண்டும் வந்து தாவின. நான் பார்த்திருக்க நான்கு மட்டுமே மேலே ஏறின. கூட வந்த பேரன் அந்த நான்கையும் எண்ணி நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டான். அடுத்த வெள்ளத்துக்கும் அழைத்துப்போகக் கேட்டிருக்கிறான்.