பொருள்: டிஸ்கவரி – ‘கண்டறிதல்’ போதுமா?

அன்பு நண்பர்களே, வணக்கம். வலையமைப்பில் கருவிகள் ஒன்றையொன்று தெரிந்துகொள்வதை ஆங்கிலத்தில் டிஸ்கவரி (discovery) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கண்டறிதல்’ என்று இக்குழுவில் முன்வைக்கப்பட்டது; அது போதுமா என்பதே என் கேள்வி.

வீட்டுக் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் அதிலுள்ள படங்களும் பாடல்களும் தொலைக்காட்சியின் பட்டியலில் இல்லை. படங்களையும் பாடல்களையும் மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருளான ஊடக வழங்கி (media server) ஓடிக்கொண்டுதான் இருந்தது; அதன் ஐபி முகவரியைக் கைப்பேசி உலாவியில் உள்ளிட்டால் அதே படம் தடையின்றி ஓடியது. கோப்பிலோ, படத்தைச் சுருக்கி விரிக்கும் கோடெக்கிலோ (codec) பழுதில்லை. கருவிகள் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும் அந்த முதல் படிதான் அறுந்திருந்தது.

வீட்டு வலையமைப்பை ‘பொது’ வகையாகப் புதிய பதிப்பு குறித்துக்கொண்டதே காரணம். அந்த வகையில் தீச்சுவர் (firewall), கருவிகள் இப்படித் தெரிந்துகொள்ளப் பயன்படுத்தும் வாயிலான யூடிபி (UDP) 1900ஆம் போர்ட்டை மூடிவிடுகிறது. ‘தனிப்பட்டது’ என மாற்றியதும் வழங்கியின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது.

இதை விளக்கி ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் இடறியது. ‘கண்டுபிடிப்பு’ என்றால் புதுப் பொருளைப் படைத்ததாகிவிடும். இங்கே முன்வைக்கப்பட்ட ‘கண்டறிதல்’ நோய்க்குப் பொருந்தும்; ஆனால் அதில் ஒருவர் தேட, மற்றது சும்மா கிடக்கிறது. கருவிகள் இதற்குப் பின்பற்றும் எஸ்எஸ்டிபி (SSDP) நெறிமுறையில் நடப்பது அதுவன்று. தொலைக்காட்சி 239.255.255.250 என்னும் குழு முகவரியை நோக்கி “ஊடக வழங்கி யாரேனும் உண்டா?” என்று கூப்பிடுகிறது. வழங்கி பதில் தருகிறது. யாரும் கேட்காதபோதும் “இருக்கிறேன்” என்று அவ்வப்போது தானே அறிவிக்கிறது. நிறுத்தும்போது சொல்லிக்கொண்டு போகிறது.

இது முழுக்கக் கூப்பிடுதலும் பதில் கொடுத்தலும். எட்டாம் வேற்றுமையாக ‘விளி’ நம்மிடம் இருக்கிறதே! ஆகவே என் பரிந்துரை: டிஸ்கவரிக்கு ‘விளித்தறிதல்’, தேடல் செய்திக்கு ‘விளி’, தானே தரும் அறிவிப்புக்கு ‘இருப்புரை’, விலகும் செய்திக்கு ‘விடைபெறல்’. பழுது பார்ப்பவரும் விளி போகவில்லையா, பதில் வரவில்லையா என்று பிரித்துக் கேட்க முடியும்.

மறுமொழி:

‘விளி’, ‘விடைபெறல்’ இரண்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ‘விளித்தறிதல்’ ஆவணங்களுக்குச் சரி. அமைப்புகள் பக்கத்தில் மட்டும் வேண்டாம் ஐயா. படம் ஓடவில்லையே என்று தவிப்பவர் அகராதியைப் புரட்டக் கூடாது; அங்கே ‘அருகிலுள்ள கருவிகளைத் தேடு’ என்றே இருக்கட்டும். இன்னொன்று: பட்டியலில் பெயர் தெரிந்தும் படம் ஓடாவிட்டால் அது விளித்தறிதல் சிக்கலன்று, பெரும்பாலும் கோடெக் சிக்கல். வழிகாட்டியில் இந்த இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

மறுமொழி:

பொத்தானுக்கு நீங்கள் சொன்ன தொடரையே ஏற்கிறேன். ‘இருப்புரை’ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? ‘இருப்பறிவிப்பு’ இன்னும் தெளிவோ என்று எனக்கே ஐயம். வழங்கியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்கு நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.