தேக்கம் அணைக்கட்டைப் பார்க்க வாகனத்தில் போவதா, வள்ளத்தில் போவதா?

வவுனியா வாசகன்:
வணக்கம். இலங்கையின் மன்னார்ப் பக்கத்தில் அருவியாற்றை மறித்துக் கட்டிய தேக்கம் அணைக்கட்டையும், அங்கிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் திருப்பும் வாய்க்காலின் கதவுகளையும் என் தந்தையாருக்குக் காட்ட விரும்புகிறேன். அவரால் நெடுந்தூரம் நடக்க முடியாது. குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வள்ளத்தில் மேலேறிச் செல்ல இயலுமா? எந்த மாதம் உகந்தது?

முருங்கன் கமக்காரன்:
தம்பி, வள்ளப் பயணம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த வாய்க்கால் படகு செல்வதற்காக வெட்டப்பட்டதன்று. அணை ஆற்றின் நீர்மட்டத்தை உயர்த்த, உயர்ந்த நீர் தன் போக்கிலேயே வாய்க்காலில் இறங்கி, நிலத்தின் சரிவை அணைந்து வளைந்து வளைந்து குளத்தை அடைகிறது, மிகுதி அணைக்கு மேலால் வழிந்து அரிப்புப் பக்கம் கடலுக்குப் போகிறது. இடையிடையே கதவுகள் இருக்கும் வாய்க்காலில் வள்ளம் எப்படிப் போகும்? அதோடு குளம் 1954 முதல் சரணாலயம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் புனரமைத்த இந்தக் குளத்தை நம்பித்தான் இன்றும் எங்கள் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) நடக்கிறது, கீழேயுள்ள பல சிறு குளங்களும் இதனாலேயே நிறைகின்றன. ஆகவே கதவுகளை ஒருவரும் தொடாதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவதே முறை.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் போங்கள். ஆறு மணலும் குட்டைகளுமாக வற்றியிருக்கும், அணையின் பெருங்கற்கள் அடிவரை தெரியும். கரையோர மருதமரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: சென்ற மாரி வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடும், கிளைகளில் சிக்கிய வைக்கோலும் உங்கள் தலைக்கு மேலே இருக்கும்.

நானாட்டான்:
மன்னார்–மதவாச்சி வீதியிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கித் திரும்ப வேண்டும். கடைசிப் பகுதி மண்பாதை என்பதால் உயரமான வாகனம் அல்லது உழவு இயந்திரம் நல்லது. யானை நடமாட்டம் உண்டு, ஆகவே பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள்.

செட்டிகுளத்தான்:
முருங்கன் அண்ணா சொன்ன மாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. கற்களைப் பார்ப்பது ஒன்று, அணை வேலை செய்வதைப் பார்ப்பது வேறு. தை பிறந்து மழை ஓய்ந்தபின், நீர் அணைக்கு மேலால் பாயும்போதுதான் அதன் பயன் புரியும். ஆனால் அநுராதபுரப் பக்கம் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் ஆறு பெருகும். ஆற்றின் மேற்பகுதியில் மழை நிலவரம் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

வவுனியா வாசகன்:
மூவருக்கும் நன்றி. தந்தையார் கற்களைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவதால் ஆவணியிலேயே போகிறோம். 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழாய்வு செய்த கட்டுக்கரைப் பகுதியையும் அன்றே பார்க்க இயலுமா?

முருங்கன் கமக்காரன்:
இயலும். காலையில் தேக்கம், மதிய வெயிலில் முருங்கனில் ஓய்வு, பின்னேரம் குளக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவுக்கு ஒரு குடையும் கைத்தடியும் கட்டாயம் எடுத்து வாருங்கள்.